அளவுகோலும் அறமும்

நெல்லுக்கு மரக்காலும், நிலத்துக்குக் கோலும், பொன்னுக்குத் தராசும் கண்ட மனிதன், சக மனிதனின் இயலாமையை அளக்க முற்பட்டபோதுதான் தடுமாறினான். அகவையை ஆண்டுகளால் அளக்கலாம். வருவாயை வெள்ளியால் அளக்கலாம். ஒருவரால் எது இயலாது என்பதை எதனால் அளப்பது? உடற்குறையுடையோர்க்கு உதவித்தொகை வழங்க முன்வந்த நாடுகள் யாவும் இவ்வினாவுக்கு விடை கூறியே ஆக வேண்டியுள்ளது. அவ்விடையில் மருத்துவம் பாதி, அறம் பாதி.

அளவையே வேண்டா, கேட்பவர்க்கெல்லாம் கொடுத்துவிடலாம் என்பார் சிலர். கேட்பதற்கு இனிய வாதம், ஆயினும் நிலைக்காது. உதவித்தொகை வானத்திலிருந்து பொழிவதன்று. மலேசியாவில் அது தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் சந்தாவிலிருந்து வருகிறது. சிங்கப்பூரில் மக்கள் செலுத்தும் காப்புறுதிக் கட்டணத்திலிருந்து வருகிறது. பொய்யுரைத்துப் பெறுபவன் ஏமாற்றுவது அரசை மட்டுமன்று. உண்மையாகவே முடங்கிக் கிடப்பவரின் தட்டிலிருந்து அவன் எடுத்து உண்கிறான். ஆகவே, அளவை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது எத்தகைய அளவை, பிழைத்தால் யாரைத் தாக்கும் அளவை என்பனவே ஆராய்தற்குரியன.

மூன்று நாடுகளின் கோல்களை எடுத்துக் காணலாம். மலேசியாவில் ‘சொக்சோ’ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. குணமாகாத, நிரந்தரமான நோயினாலோ குறையினாலோ, நலமுள்ள ஒருவர் ஈட்டக்கூடிய ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவரையே அது இயலாமைக்கு உட்பட்டவராகக் கருதுகிறது. அதனை மருத்துவ வாரியம் முடிவு செய்கிறது. சிங்கப்பூரில் 2020இல் தொடங்கிய ‘கேர்ஷீல்ட் லைஃப்’ திட்டம் ஊதியத்தைப் பார்ப்பதில்லை. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு இடம் மாறுதல் ஆகிய ஆறு செயல்களுள் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவர்க்கு அது மாதந்தோறும் தொகை வழங்குகிறது. தொடங்கிய ஆண்டில் அத்தொகை 600 வெள்ளி. பிரிட்டனோ புள்ளிகளால் அளக்கிறது. 2008இல் அங்கு வந்த பணித்திறன் மதிப்பீட்டில் 15 புள்ளிகள் பெறுபவரே பொதுவாக வேலை செய்ய இயலாதவராக ஏற்கப்பட்டார்.

இவற்றுள் சிங்கப்பூர்க் கோலின் பிறப்பு நினைவிற் கொள்ளத்தக்கது. இடுப்பெலும்பு முறிவு முதலியவற்றால் நலிந்த முதியோர் எவ்வளவு தேறுகின்றனர் என்பதை அறிய, அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸும் அவர்தம் குழுவினரும் 1963இல் ஒரு பட்டியலை வெளியிட்டனர். அன்றாடச் செயல்களைக் கொண்டு இயலாமையை அளக்கும் வழக்கம் அப்பட்டியலைத் தழுவியே உலகெங்கும் பரவிற்று. நோயாளிக்கு எந்த உதவி தேவை என்று காட்டப் பிறந்த பட்டியல், பின்னாளில் உதவிக்கு வாயிற்காவலனாகவும் ஆயிற்று. கருவி ஒன்றே, கேள்விதான் மாறிற்று. “இவருக்கு என்ன தேவை?” என்று கேட்டது, “இவர் தகுதியுடையவரா?” என்று கேட்கத் தொடங்கியது.

எந்தக் கோட்டுக்கும் இருபுறமும் மனிதர் நிற்பர். மூன்று செயல்கள் இயலாதவர்க்கு முழுத்தொகை. இரண்டு இயலாதவர்க்கு அத்திட்டத்தில் ஒன்றுமில்லை. இருவரின் துன்பத்துக்கும் இடையே உள்ள தூரம் மயிரிழையாகவும் இருக்கலாம். ஊதியத்தால் அளக்கும் கோலிலும் இதே இடர்ப்பாடு உண்டு. நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டி, முழங்கால் தேய்ந்துபோன தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உட்கார்ந்து செய்யும் வேலையை அவர் செய்யலாம் என்று மருத்துவம் கூறக்கூடும். மருத்துவத்தின் அளவில் அது மெய்யே. ஆனால் எழுத்தறிவு குறைந்த, ஐம்பதைக் கடந்த அவரை எந்த அலுவலகம் நாற்காலியில் அமர்த்தும்? தாளில் மட்டும் இருக்கும் வேலையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்புவது அளவையாகலாம், நீதியாகாது.

இனி, அளக்கப்படுபவரின் உள்ளத்தை நோக்குவோம். நெல் தன்னை அளப்பவனை அறியாது; மனிதர் அறிவர். மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும் நாளில் ஒரு மூதாட்டி நல்ல புடவை உடுத்தி, தலை வாரி, நிமிர்ந்து அமர்ந்திருப்பார். “பாட்டி, நீங்களாகவே குளித்துக்கொள்கிறீர்களா?” என்று அவர் கேட்டால், “குளிக்காமல் இருப்பேனா, தம்பி?” என்று விடை வரும். நாள்தோறும் அவரைத் தூக்கி அமர்த்திக் குளிப்பாட்டும் மருமகள் கதவோரம் பேசாமல் நிற்பாள். மூதாட்டியின் விடையில் வஞ்சனை இல்லை, மானம் இருக்கிறது. அந்நியர் ஒருவர் முன் தம் உடலின் தோல்வியை அறிக்கையிட மறுக்கும் மானம் அது. அறிக்கையிட்டால் தொகை கிடைக்கும். மறைத்தால் மானம் நிலைக்கும். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று முதியவரை நிறுத்தும் முறை, தான் அளக்க வந்த துன்பத்தைத் தானே மிகுவிக்கிறது.

நோயும் ஒரே நிலையில் நிற்பதன்று. மூட்டழற்சியுடையவர் திங்களன்று நடப்பார், செவ்வாயன்று எழமாட்டார். மனநோயின் கடுமை அரைமணி நேரக் கேள்விகளில் வெளிப்படாமலும் போகலாம். பிரிட்டனில் 2013இல் நடப்புக்கு வந்த தனிநபர் உதவித்தொகை விதிகள் இதனை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டன. ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க வகையிலும், மீண்டும் மீண்டும், உரிய நேரத்திற்குள்ளும் செய்ய முடிந்தால்தான் அதனைச் செய்ய இயலும் என்று கொள்ள வேண்டும் என அவ்விதிகள் கூறுகின்றன. மிக நல்ல விதி. ஆயினும் அதே நாட்டில், மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரை சென்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் வென்ற ஆண்டுகள் பல. பணித்திறன் மதிப்பீட்டு முறை மனநலம் குன்றியோர்க்குப் பாதகமாக அமைந்துள்ளதென்று 2013இல் தீர்ப்பாயமே கூறிற்று. விதி நன்றாயிருந்தும் அளப்பவரின் கை அவசரப்பட்டால் கோல் கோணும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆக, கோல் பிழைக்கும். எவ்வளவு திருத்தினும் பிழைக்கும். பிழையே இல்லாத மதிப்பீட்டைத் தேடுவதை விட, நேரும் பிழையை யார் சுமக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே அறத்தின் முதற்கடமை. பிழை இருவகைப்படும். தகுதியற்றவர்க்குக் கொடுத்துவிடுதல் ஒன்று. தகுதியுள்ளவர்க்கு மறுத்துவிடுதல் மற்றொன்று. முன்னதன் இழப்பு பல இலட்சம் பேர் தோளில் பரவி இலேசாகிறது. கண்டுபிடித்தால் மீட்கவும் முடியும். பின்னதன் இழப்போ ஒரே வீட்டின் அடுப்பில் விழுகிறது. அதனை ஓராண்டு கழித்துத் திருத்தினாலும், அந்த ஓராண்டுப் பசியைத் திருப்பித் தர எவராலும் இயலாது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கே ஐயத்தின் பலனை அளிக்கும் நீதிமுறை, குற்றம் ஏதும் செய்யாத நோயாளிக்கு அதனை மறுப்பது முறையாகுமா?

மோசடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. மோசடிக்காரனைத் தேடவும் தண்டிக்கவும் தனிச் சட்டங்கள் உள்ளன. அவனுக்காகக் கட்டிய வேலியை நோயாளி ஒவ்வொருவரும் ஏறிக் கடக்க வேண்டும் என்பதுதான் பொருந்தாது.

இக்கொள்கையை ஏற்றால் செய்ய வேண்டியவை தாமே விளங்கும். நாள்தோறும் பராமரிப்பவரின் சொல்லும் சான்றாக ஏற்கப்பட வேண்டும்; அம்மருமகள் பேசாமல் நிற்கத் தேவையிராது. தீராக் குறையுடையோரை மீண்டும் மீண்டும் சோதனைக்கு அழைத்தல் கூடாது. பிரிட்டன் கடுமையான, வாழ்நாள் முழுதும் நீடிக்கும் நோயுடையோர் சிலரை 2017இல் மறுமதிப்பீட்டிலிருந்து விடுவித்தது. மறுப்பின் காரணம், மறுக்கப்பட்டவர்க்குப் புரியும் மொழியில் கூறப்பட வேண்டும். மலேசியச் சட்டத்தில் மேல்முறையீட்டு மருத்துவ வாரியம் உண்டு. வாயில் இருக்கிறது, ஆனால் அதிகார மொழியில் வந்த மடலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் முதிய தொழிலாளிக்கு, அவ்வாயிலுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டும். இங்கே சங்கங்களுக்கும் படித்த இளைஞர்க்கும் கடமை உண்டு.

சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை கூறினார் வள்ளுவர். துலாக்கோல் தன் தட்டில் ஏறும் பொருளை முன்கூட்டியே ஐயுறுவதில்லை. மதிப்பீட்டாளர்க்கு வேண்டிய முதற்பண்பும் அதுவே. அதற்கு மேலும் ஒன்று உண்டு. நெல்லை மரக்காலால் அளந்து கொடுத்த பின், ஒரு கைப்பிடி அள்ளிக் கூடப் போடுவது நல்ல வணிகரின் வழக்கம். தம் கோல் பிழைத்திருந்தால் அக்குறை வாங்குபவரைச் சேரக் கூடாது என்ற எண்ணமே அதிற் பொதிந்திருக்கிறது. சந்தையில் நெல் விற்றவர் காத்த அந்த நெறியை, உடல் நலிந்து உதவி கேட்டு வருபவரின்பால் அரசும் காக்கட்டும்.