ஊறிய அழுக்கும் ஏற்றிய அழுக்கும்

தீண்டாமைக்கு ஆளான ஆதனூர் நந்தனார் தில்லையில் தீ மூழ்கி எழுந்த கதையைக் கேட்டே பெங்களூரு மர்பி டவுனில் வளர்ந்தவள் நான். கனவில் வந்து தீயில் மூழ்கச் சொன்னவர் சிவபெருமானே என்கிறது பெரியபுராணம். நான் சிவபக்தை. ஆனாலும் ஒரு கேள்வி தீரவில்லை: எந்த அழுக்கு போக அந்தத் தீ? என் அப்பா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டியவர். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த பிறகும் அவருக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்த வீடுகள் உண்டு.

இந்த ஆடிக்கு அம்மன் கோயில் பொங்கலை மறுசுழற்சி பிளாஸ்டிக் கவரில் கட்டித் தரலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. "குப்பையில் கிடந்தது, தீட்டு" என்றார் ஒரு பெரியவர். கட்டக்கூடாது என்பதுதான் என் எண்ணமும். அவர் சொன்ன காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

இந்தக் கவருக்கு மூலமான பால் கவர் பாலிஎதிலீனால் ஆனது. எண்ணெய், வாசனை, அச்சு மை எல்லாம் எளிதாக அதற்குள் ஊறிவிடும். வீட்டுக் குப்பையில் அது சோப்புத்தூள் பாக்கெட்டோடும் பூச்சிமருந்து உறையோடும் சேர்ந்தே கிடக்கிறது. கழுவினால் மேலே ஒட்டியது போகும். உள்ளே ஊறியது போகாது. உருக்கி மறுபடி தாளாக இழுத்தாலும் ஒரு பங்கு தங்கிவிடும். நெய் சொட்டும் சூடான பொங்கலை அதில் வைத்தால், தங்கியது சோற்றுக்கு இறங்கும். பெட் பாட்டில் இவ்வளவு உறிஞ்சாது. அதிலும் வேண்டுமென்றே ரசாயனம் ஊறவைத்து, வெற்றிடத்தில் சூடேற்றி, எவ்வளவு வெளியேறியது என்று அளந்து பார்த்த பிறகே நம்புகிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 விதிகளில் மறுசுழற்சி பிளாஸ்டிக்கை உணவுக்கு ஆகாது என்றது. பிறகு பெட்டுக்கு நிபந்தனையோடு வழிவிட்டது.

புது பிளாஸ்டிக் என்றாலும் மெல்லிய கவர் சூட்டுக்கு ஆகாது. 2025 பிப்ரவரியில் கர்நாடக சுகாதாரத் துறை சோதனை போட்டபோது, இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் விரித்த கடைகள் ஐம்பதுக்கும் மேல் பிடிபட்டன. மடியாகச் சமைப்பதைப் பெருமையாகப் பேசும் ஊர் இது!

கவரில் ஊறியதை அளக்கலாம், எண்ணால் சொல்லலாம். நந்தனார் உடம்பில் என்ன ஊறியிருந்தது? என் அப்பாவின் கையில்? யாரும் அளக்கவில்லை, அளக்க ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் மனிதரிடம் நெருப்பைக் கேட்டோம். வாயில் போடும் சோற்றைத் தாங்கும் தாளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இது அதர்மம் என்றே நினைக்கிறேன்.

பொங்கல் இலைத் தொன்னையில் என்று முடிவாகிவிட்டது. கூழுக்கு வீட்டிலிருந்தே தூக்குச்சட்டி. மறுசுழற்சி கவர் குப்பைப் பையாக இருக்கட்டும், அந்த வேலைக்கு அது நல்ல பொருள். உலர் கழிவு மையத்தில் கவர் பிரிக்கும் பெண்கள் இந்த வெள்ளி எங்களோடு நின்று பொங்கல் பரிமாற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அதற்குக் கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை.