சட்டை மாற்றுகிறவன்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். உங்கள் தம்பியோ, அண்ணன் மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ ஏழு வருஷத்தில் ஆறு கம்பெனி மாறியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

'கெட்டிக்காரன், பொழைக்கத் தெரிஞ்சவன்' என்பீர்களா? 'ஒரு இடத்துல கால் தரிக்காது, நிலையில்லாத பய' என்பீர்களா?

அவன் உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் முதல் பதில். அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் நீங்கள் என்றால் இரண்டாவது பதில். அப்படித்தானே? ஆள் ஒன்று, செயல் ஒன்று. நாம் நிற்கிற இடம் மாறினால் மட்டும் நியாயம் மாறிவிடுகிறது. அந்த நியாயத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ்கள். கார், லாரி, டயர், கண்ணாடி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு நிறத்தில் சட்டை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருள ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்ட். வயல்களாகவும் ஏரிக்கரைகளாகவும் இருந்த ஊர்களில் இன்று விழுப்புரத்துப் பையனும் திருவண்ணாமலைப் பெண்ணும் ஒடிசாக்காரரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். போன தீபாவளிக்கு நீலச் சட்டை போட்டிருந்தவன் இந்த தீபாவளிக்குச் சாம்பல் சட்டை. அடுத்த வருஷம் எதுவோ!

இன்டர்வியூவில் அவனைக் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏம்ப்பா, இத்தனை கம்பெனி?"

அவன் தலையைச் சொறிவான். "அங்க ரெண்டாயிரம் கூடக் குடுத்தாங்க சார்" என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். 'கத்துக்கிறதுக்காக சார்' என்று சமாளிப்பான்.

இதே கேள்வியை இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். 'திமிரு', 'கொம்பன்', 'பிகில்' படங்களில் முறைத்துக்கொண்டு வருவாரே, ஐ.எம்.விஜயன். நம்மில் பலருக்கு அவர் வில்லன் நடிகர். பந்து தெரிந்தவர்களுக்கு, இந்தியா கண்ட மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவர். 1999-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய 12-வது விநாடியில் கோல் அடித்த மனிதர்.

திருச்சூரில் ஏழைக் குடும்பம். நகராட்சி மைதானத்தில் சோடா விற்ற சிறுவன். ஒரு பாட்டிலுக்குப் 10 பைசா கிடைக்கும். பந்து ஆடுகிற காலைப் பார்த்துக் கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்த அணி 1990, 1991 இரண்டு வருஷமும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அப்புறம்? கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். கேரள போலீஸுக்குத் திரும்பினார். மறுபடி மோகன் பகான். பஞ்சாபின் ஜே.சி.டி. அப்புறம் எஃப்.சி. கொச்சின். மறுபடி மோகன் பகான், மறுபடி கொச்சின். மோகன் பகானின் பரம வைரியான ஈஸ்ட் பெங்கால். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ்... மூச்சு வாங்குகிறதா? இந்த பயோடேட்டாவை ஒரகடத்தில் ஒரு மேஜையில் வைத்தால் 'ஏம்ப்பா, இத்தனை கம்பெனி?' என்றுதான் கேட்பார்கள்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. ராமன் விஜயன், தமிழ்நாட்டுக்காரர். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல் போட்டு, லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். அவரும் கொல்கத்தா, கொச்சி என்று ஊர் ஊராகப் போய் ஆடியவர்தான். எதிர்ப்பக்கத்தில் சென்னையின் சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணி என்றாலே அவர் முகம் ஞாபகம் வரும் அளவுக்கு நீண்ட காலம் அங்கேயே ஆடினார்.

இவர்களில் யார் நல்லவர்? நின்றவரா, போனவரா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். இன்னொரு கணக்கையும் பாருங்கள். எஃப்.சி. கொச்சின் 1997-ல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு தொடங்கப்பட்டது. பணம் தீர்ந்து, 2002-ல் இல்லாமலே போனது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. 2011-ல் அணியைக் கலைத்தது. ஆட்டக்காரன் கிளப்பை விட்டுப் போனால் அதற்குப் பெயர் துரோகம். கிளப் ஆட்டக்காரனை விட்டுப் போனால்? அதற்குப் பெயர் 'நிர்வாக முடிவு'!

நம்ம சாலைக்கே வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கியது. அங்கே வேலைக்குப் போன பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சம்பளம், எத்தனையோ கிராமங்களில் ஒரு தலைமுறையின் கல்யாணப் பேச்சையே மாற்றியது. வரித் தகராறுகள் வந்தன. கம்பெனியின் செல்போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது இந்த ஆலை மட்டும் அந்த வியாபாரத்தில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றுவிட்டது. 'நான் இங்கேயே ரிடையர் ஆவேன்' என்று நினைத்து, வேறு இடத்தில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் காட்டிய விசுவாசத்தை எந்தக் கவுன்டரில் கொடுத்து மாற்றிக்கொள்வது?

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் பேரேட்டில் எழுதிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. ஐரோப்பாவில் ஒரு கிளப் பணம் கொடுத்து ஓர் ஆட்டக்காரரை வாங்கினால், அந்தத் தொகையைச் சொத்துக் கணக்கில் எழுதுவார்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம் என்றால், வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்துக்கொண்டே வருவார்கள், இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிற மாதிரி. மனிதனை இயந்திரமாக எழுதுவது நெருடல்தான். ஆனாலும் அவன் கணக்கில் இருக்கிறான்!

கான்ட்ராக்ட் தொழிலாளி எங்கே இருக்கிறான்? அவன் வேலை பார்க்கிற கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. கான்ட்ராக்டர் கொடுக்கிற பில்லில், டீ செலவுக்கும் தோட்டப் பராமரிப்புக்கும் பக்கத்தில், ஒரு தொகையாக இருக்கிறான். தன் புத்தகத்தில் பெயர்கூட எழுதாத ஒருவனிடம் 'உனக்கு விசுவாசம் இல்லையே' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம்கூட விசுவாசத்துக்கு ஒரு விலை வைத்திருந்தது. 1972-ன் கிராஜுவிட்டி சட்டம், ஐந்து வருஷம் ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்தால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்றது. நாலு வருஷத்தில் போனவனுக்குப் பொதுவாக ஒன்றுமில்லை. குறிப்பிட்ட காலத்துக்கென்று எடுக்கப்படுகிறவர்களுக்கு ஒரு வருஷமே போதும் என்று மாற்றியது 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு. ஆளை அதிக நாள் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பதைச் சட்டமே புரிந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

'அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதானே?' என்று கேட்கிறீர்களா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு லைன் சூப்பர்வைசரின் பக்கம் நின்று பாருங்கள். ஆறு மாசம் பக்கத்தில் நின்று ஒரு பையனுக்கு வெல்டிங் ரோபோவை ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார். கை படிந்த நேரத்தில், திங்கட்கிழமை காலையில், பையன் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். எதிர்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அன்றைக்கு லைனில் ஆள் குறைகிறது. டார்கெட் குறையவில்லை. பக்கத்தில் நின்றவன் இரண்டு ஆள் வேலை பார்க்கிறான். ராத்திரி வீட்டுக்குப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் முதலாளி இல்லை. நேற்று வரை கேண்டீனில் இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

ஆக, கடன் இருக்கிறது. ஆனால் அது கேட்டில் தொங்குகிற பெயர்ப்பலகைக்குப் பட்ட கடன் இல்லை. கற்றுக் கொடுத்த கைக்கும், பக்கத்தில் நின்ற தோளுக்கும் பட்ட கடன். பெயர்ப்பலகையோடு இருப்பது ஒப்பந்தம். நோட்டீஸ் கொடுத்தால் அது முடிந்தது. மனிதர்களோடு இருப்பது அப்படி முடியாது.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஆபத்து. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் ஆட்டக்காரரை விடாமல் பிடித்து வைக்கலாம் என்று விதி இருந்தது. வேறு எங்கும் ஆட முடியாது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் நியூகாசில் கிளப்போடு மல்லுக்கட்டி, ஆட்டத்தை விட்டுவிட்டு கார்க் விற்கப் போனார். கடைசியில் வேறு கிளப்புக்கு விட்டார்கள். ஆனாலும் வழக்கை விடவில்லை. 1963-ல் நீதிமன்றம், தொழில் செய்யும் உரிமையை இப்படித் தடுப்பது நியாயமில்லை என்று சொன்னது. கட்டி வைத்து வாங்குகிற விசுவாசத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, போகிறவன் எப்படிப் போக வேண்டும்? ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இதற்குப் பாடம் நடத்தியிருக்கிறார். டெனிஸ் லா. ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் சிட்டி, அங்கிருந்து இத்தாலியின் டொரினோ, 1962-ல் 1,15,000 பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட். அங்கே 11 வருஷம், 237 கோல். 1973-ல் யுனைடெட் அவரை 'போகலாம்' என்று காசு வாங்காமலே அனுப்பிவிட்டது. அவர் மறுபடி சிட்டிக்கே போனார்.

1974 ஏப்ரல் 27. யுனைடெட் மைதானம். யுனைடெட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலையில் தவிக்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள்தான். பந்து லாவிடம் வருகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர் குதிகாலால் தட்டுகிறார். கோல்!

குதித்தாரா? கையை உயர்த்தினாரா? இல்லை. சக ஆட்டக்காரர்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டபோது, எழவு வீட்டில் நிற்கிறவர் மாதிரி தலை குனிந்து நின்றார். லீக் ஆட்டத்தில் அதுதான் அவருடைய கடைசி கோல். மற்ற ஆட்டங்களின் முடிவுப்படி, அந்த கோல் இல்லாவிட்டாலும் யுனைடெட் இறங்கியிருக்கும் என்பது பிறகு தெரிந்தது. 2025 ஜனவரியில் லா இறந்தபோது, அந்தத் தலைகுனிவைத்தான் உலகம் திரும்பத் திரும்பப் பேசியது.

கவனியுங்கள். அவர் கோல் அடிக்காமல் விடவில்லை. இன்றைக்குச் சம்பளம் கொடுக்கிறவனுக்கு வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் நேற்றுச் சோறு போட்ட இடத்தின் தலையில் ஏறி ஆடவும் இல்லை. தன்னை வேண்டாம் என்று அனுப்பிய இடம்தான், இருந்தும்!

ஊர் மாறியவர்களைப் பற்றிப் பேசும்போது, ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த பெரியவரை விட முடியுமா? ராமானுஜர் பிறந்தது இங்கே, படித்தது காஞ்சியில். முதல் ஆசிரியரோடு கருத்து ஒத்துப்போகாமல் விலகினார். ஸ்ரீரங்கத்துக்குப் போனார். பல வருஷம் கர்நாடகத்து மேல்கோட்டையில் இருந்தார். மறுபடி ஸ்ரீரங்கம். இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் 'தானுகந்த திருமேனி', மேல்கோட்டையில் 'தமருகந்த திருமேனி', ஸ்ரீரங்கத்தில் 'தானான திருமேனி' என்று மூன்று ஊரும் அவரைத் தன்னுடையவராக வைத்திருக்கின்றன. மூன்று ஊரையும் விட்டுப் போனவர்தான். எந்த ஊராவது 'எங்களை விட்டுட்டுப் போயிட்டார்' என்று கோபித்துக்கொண்டதா?

ஐ.எம்.விஜயன் கதையிலும் அப்படி ஒரு முடிவு உண்டு. எல்லாச் சட்டையும் மாற்றிய பிறகு, முதல் சட்டைக்கே திரும்பினார். கேரள போலீஸ் கதவைத் திறந்து வைத்திருந்தது. 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரலில், அந்த போலீஸ் உத்தியோகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார். திரும்பி வருகிற முகம் அவருக்கு இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்கிற மனசு அவர்களுக்கு இருந்தது. விசுவாசம் என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது கைவிலங்கு, இல்லாவிட்டால் பிச்சை.

ஆகவே, வேலை மாறப் போகிற தம்பி, தங்கைகளே... தாராளமாக மாறுங்கள். ரெண்டாயிரம் ரூபாய் என்பது வீட்டில் ஒரு மாச கேஸும் பால் கணக்கும். அதைக் கேவலம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் போனை சுவிட்ச் ஆஃப் பண்ணாதீர்கள். அடுத்து வருகிறவனுக்கு நாலு நாள் கற்றுக் கொடுத்துவிட்டுப் போங்கள். கற்றுத் தந்தவரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஐயா, அம்மா அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஏம்ப்பா, இத்தனை கம்பெனி?' என்று கேட்பதை விட்டுவிட்டு, அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நீ விட்டுட்டு வந்த கம்பெனியில எத்தனை பேர் இன்னமும் உன்கூட போன்ல பேசுறாங்க?"

அவன் சொல்கிற எண் போதும். அதே கேள்வியை, உங்களை விட்டுப் போனவர்களை நினைத்து, உங்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.