ஆயுளை இரத்தல்

ஜப்பான் நாட்டில் பீவா ஏரிக்குக் கிழக்கே தகா தைஷா என்னும் தொன்மையான ஷிண்டோ ஆலயம் உள்ளது. அந்நாட்டுத் தீவுகளைப் படைத்தவராகப் போற்றப்படும் இசநாகி, இசநாமி என்னும் தெய்வத் தம்பதியர்க்கு உரியது. நோய் நீங்கவும் ஆயுள் நீளவும் வேண்டுவோர் அங்குச் செல்வர். ஆயுகர்மத்தில் ஒரு நொடியையும் எத்தெய்வமும் கூட்டித் தர இயலாது என்று கற்ற சமணர், அங்கு நின்றால் என்ன எண்ணுவார்?

எரிந்துபோன தோதாய்ஜி விகாரத்தைப் புதுப்பிக்கும் பணி, 1181-இல் சோகென் என்னும் பௌத்தத் துறவியிடம் வந்தது. அப்போது அந்நாட்டுக் கணக்கில் அவருக்கு அகவை 61. பணி முடியும்வரை வாழ்நாள் வேண்டுமென இவ்வாலயத்தில் வேண்டினார் என்பது மரபு. 1206 வரை வாழ்ந்தார். அவர் நினைவாக ‘ஆயுட்கல்’ ஒன்று அங்கு உள்ளது. வருவோர் வெண்கற்களில் தம் பெயரையும் வேண்டுதலையும் எழுதி அதன் அருகே வைக்கின்றனர்.

1588-இல் நாட்டை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷி, நோயுற்ற தம் தாய்க்காக இங்கு விண்ணப்பித்தார். மூன்றாண்டுகள் தருக, இயலாதேல் இரண்டாண்டுகள், அதுவும் இயலாதேல் முப்பது நாட்களேனும் தருக என்பது அவர் வேண்டுதலாம். தாய் பிழைத்தார், 10,000 கோகு அரிசி காணிக்கையாயிற்று. ஒரு கோகு என்பது ஒருவர் ஓராண்டு உண்ணும் அளவு. அவ்வரிசியை விளைத்தவர் உழவரே என்பதையும் மறத்தலாகாது.

இது தேவமூடம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆயினும் வீட்டில் ஒருவர் நோயுற்றால் பத்மாவதி அம்மனுக்கு விளக்கேற்றும் நாம் அவர்களை எள்ளுவது எங்ஙனம்? இங்கு நம்மவர் சிலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. ‘உயிர்வாழ விரும்புதல் அதிசாரம்’ என்பது சல்லேகனை ஏற்றவர்க்குச் சொன்னது. அதனை நோயுற்ற தாயின் அருகில் அமர்ந்திருக்கும் மகனுக்குச் சொல்லுதல் தகாது. ஔஷத தானத்தை நால்வகைத் தானங்களுள் வைத்த நெறி, பிறர் வாழ விரும்புவதைக் குற்றமெனக் கொள்ளுமா?

ஹிதேயோஷியிடம் நான் காணும் குறை அவர் வேண்டியதில் இல்லை. தாய்க்கு முப்பது நாட்களேனும் வேண்டி நின்றவர், 1592-இல் கொரியாவின்மீது பெரும்படையை ஏவினார். அங்கும் தாய்மார் இருந்தனர். அபயதானம் என்னும் சொல்லை அவர் அறிந்திலர். அறிந்த நாம் அதனை எவ்வளவு தூரம் கொண்டு செல்கிறோம்?

அவ்வாண்டிலேயே அவருடைய அன்னையார் காலமானார். மூன்றாண்டுகள் கேட்டவருக்கு நான்காண்டுகள் கிடைத்திருந்தன.