கூலியில்லாத வியர்வை

"இவ்வளவு தூரம் மிதிக்கிறீங்களே கிராணி ஐயா, இதுக்குக் கூலி யாரு கொடுக்கிறாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சைக்கிளும் நாமுமாக வியர்வையில் நனைந்து தோட்டத்து வாசலுக்குத் திரும்பியபோது, மளிகைக் கடை வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்டாரா, வியப்பாகக் கேட்டாரா என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவ்வேளையில் சிரித்து மழுப்பிவிட்டு வீடு சேர்ந்தோம். ஆயினும் அக்கேள்வி பல வாரங்களாக நம்மை விடாது தொடர்ந்து வருகிறபடியால், அதனை வாசக அன்பர்கள் முன்னிலையில் வைத்து ஆராயத் துணிந்தோம்.

முப்பத்தாறு வயது வரை சைக்கிள் என்பது நமக்குப் பள்ளிப் பருவத்தோடு கழிந்துபோன ஒரு பொருள். சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தாம் பழகிய பந்தயச் சைக்கிளை விற்க முன்வந்தபோது, அதனை 3,400 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். ஆட்டுக் கொம்பு போல் வளைந்த கைப்பிடியும், மெலிந்த டயரும், பாதரட்சையின் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் மிதிகட்டையும் உடையது அது. குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால்தான் அந்த மிதிகட்டை காலை விடும். இது தெரிந்திருந்தும், முதல் மாதத்தில் நின்ற இடத்திலேயே மூன்று தடவை சாய்ந்து விழுந்தோம். அவற்றுள் ஒன்று செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரிக்கு எதிரில். லாரியின் மேலிருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு நியாயமானதே. பின்னர் ஒருவாறு தேறி, பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்கும், அங்கிருந்து ஜுக்ராவுக்குமாகச் சுற்றிவரப் பழகினோம்.

"உடல்நலத்துக்காக" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தோம். அது முழு உண்மையன்று. உடல்நலம் வேண்டுவோன் விளையாட்டுத் திடலை நாலு சுற்று நடந்தால் போதும். விடியற்காலையில் பனி விலகாத நேராட்டுச் சாலையிலே, சங்கிலியின் ஓசையன்றி வேறோசையின்றிப் போகும்போது உண்டாகும் இன்பமே நம்மை மறு ஞாயிறும் எழுப்புகிறது. அந்த இன்பத்தின் பயன் யாது என்று கேட்டால் விடையில்லை. சைக்கிளில் விரைந்து செல்பவனுடைய உழைப்பில் பெரும்பகுதி எதிர்க்காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. வேகம் இரட்டித்தால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும் என்பது பெளதிக நூலார் கணக்கு. இரண்டு மணி நேரம் காற்றைத் தள்ளிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம். ஒரு குலைகூட இடம் பெயரவில்லை. ஆகவே பெரியவர் கேட்டது சரியான கேள்விதான்.

(காவடி தூக்கிச் சிந்தும் வியர்வைக்குக் கூலி யார் தருகிறார் என்று இவர்கள் கேட்பதில்லையே என அன்பர் ஒருவர் நமக்காக வாதாடினார். அது வேறு சர்ச்சை. அதில் ஒளிந்துகொள்ள நமக்கு விருப்பமில்லை.)

நம்மை உறுத்துவது வேறு. செம்பனை அறுவடைக்காரர் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் உயர்த்தி, அண்ணாந்து நோக்கி, மட்டையை வெட்டிக் குலையைச் சாய்க்கிறார். முற்றிய மரத்தின் குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுச் சாலையோரம் சேர்க்கிறார். 2025இல் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். நமது சைக்கிள் அவருடைய இரண்டு மாத வாழ்வு. இன்று அவ்வேலையில் இருப்போர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். ஞாயிறன்று நாம் அவர்கள் குடியிருப்பைக் கடக்கும்போது கதவுகள் சாத்தியிருக்கின்றன. ஆறு நாள் அரிவாள் தூக்கியவனுக்கு ஏழாம் நாள் வேண்டுவது உறக்கம். அப்படியானால் நாம் சாலையில் செலவிடும் பலம் எங்கிருந்து வந்தது? ஆறு நாளும் நாற்காலி நமக்காகச் சேர்த்துவைத்த பலமே அது. பணத்தில் உள்ள ஏற்றத்தாழ்வை எல்லோரும் பேசுகிறோம்; வாரக் கடைசியில் உடம்பில் மிஞ்சும் பலத்தின் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

நிற்க, சைக்கிளுக்கும் நமது மக்களுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதே ஆண்டில்தான் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு ரிட்லி வந்து சேர்ந்து, ரப்பர் பயிரிடுமாறு எல்லோரையும் நச்சரிக்கத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் மேனாடுகளில் பரவிய சைக்கிள் மோகம், மோட்டார் வண்டிக்கு முன்பே ரப்பருக்குக் கிராக்கியை உண்டாக்கிற்று. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர்த் தோட்டம் போட்டார். பிறகு நடந்தது அன்பர்கள் அறிந்ததே. எவனோ உல்லாசமாக மிதிப்பதற்கு வேண்டிய டயருக்காகவும், பின்னர் மோட்டாரின் டயருக்காகவும் நமது முன்னோர் கப்பலேறினர்.

அவர்கள் டயருக்குப் பால் வெட்டினார்களேயன்றி, அந்த டயரின் மேல் தலைநிமிர்ந்து செல்ல அவர்களுக்கு உரிமையிருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை நாம் அண்மையில் படித்தோம். சீனத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்கு இழைக்கப்படும் மானபங்கத்துக்கு முடிவு ஆகியவற்றோடு வேறொன்றும் அதில் இருந்தது. துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்று ஆக வேண்டும்! தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

அரை வயிற்றோடு இருந்தவர்கள், சம்பளக் கோரிக்கை அடங்கிய அதே பட்டியலில் சைக்கிள் ஆசனத்தையும் ஏன் எழுதினார்கள்? ஆசனத்தில் அமர்ந்திருப்பதால் ஒரு காசும் கூடுவதில்லை. அவர்கள் உடம்பைக் கூலிக்கு விற்றார்கள். ஆயினும் அவ்வுடம்பு முழுவதும் கூலிக்குரியது என்பதை ஒப்பவில்லை. வேலை முடிந்த பின் அது யார் முன்னும் இறங்காமல் தன் இச்சையாகச் செல்ல வேண்டுமென்று விரும்பினார்கள். இதைப் படித்தபோது பெரியவருக்கு விடை கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோம். கூலியில்லாமல் மிதிப்பதற்கும் மனிதனுக்கு உரிமையுண்டு என்று அத்தொழிலாளரே சாட்சி சொல்லிவிட்டார்கள் அல்லவா?

ஆனால் மகிழ்ச்சி ஒரு நாளுக்கு மேல் நீடிக்கவில்லை. 'ஆசிய உத்தியோகஸ்தர்' என்று அப்பட்டியலில் கண்டவர் யார்? கறுப்புத் துரைமார் என்று தொழிலாளர் பெயரிட்டழைத்த கிராணிமாரும் கண்டக்டர்மாருமே. நாம் அமர்ந்திருக்கும் நாற்காலி அவர்களுடைய நாற்காலி. நம் போன்றோர் முன் இறங்க மறுத்தவர்களின் சாட்சியத்தை நமது பொழுதுபோக்குக்குச் சாக்காக எடுத்துக்கொள்வது எவ்வகை நியாயம்?

இந்தக் குழப்பத்தோடுதான் சென்ற ஞாயிறு வாய்க்கால் பாலத்தருகே திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே அப்பெரியவர் பழைய சைக்கிளில் வந்தார். பின்னால் அரிசி மூட்டை. நம்மைக் கண்டதும் பாலத்தடியில் இறங்கி ஓரமாக நின்றார். நமக்கு உடம்பெல்லாம் கூசிற்று. உடனே நாமும் இறங்கி, நமக்காக இறங்க வேண்டாமென்றும், அந்தக் காலம் போய்விட்டதென்றும் அவரிடம் சொன்னோம். 1941ஐப் பற்றியும் சிறிது சொன்னதாக நினைவு.

பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்காகவா? எங்கப்பா இறங்குவாரு. நான் யாருக்கும் இறங்கினதில்லே. அரிசி பத்துக் கிலோ, பாலம் வேற மேடு. மூச்சு வாங்குது ஐயா" என்றார்.

நமக்குப் பேச்சு எழவில்லை. வணக்கத்தைக் கண்டிக்கப் போன நாம், இல்லாத வணக்கத்தை இருப்பதாக எண்ணிக்கொண்டோம். அவரைப் பார்த்தவுடனே அப்படித்தான் இருக்குமென்று நமக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தம் சைக்கிளைப் பாலத்துக் கம்பியில் சாய்த்துவிட்டு நமது சைக்கிளைச் சுற்றிவந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். கம்பியில் இரண்டு விரலை நுழைத்துத் தூக்கினார். அது எழும்பி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கி வைத்தார்.

"என்ன விலை ஆச்சு?" என்றார்.

1,700 என்றோம்.

"ஒரு மாசச் சம்பளம்" என்று சொல்லிக்கொண்டே அதை மெதுவாக நிலத்தில் வைத்தார். பிறகு அவருடைய அரிசி மூட்டையைப் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்துப் பாலத்து மேடு ஏற்றிவிட்டோம். அப்புறம் இறக்கம். ஏறி அமர்ந்து, மிதிக்காமலே போய்விட்டார்.