ஊட்டுவதும் உண்பதும்

புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாண்டியன் அறிவுடை நம்பி எழுதியது. நெய்ச்சோற்றில் கைவிட்டு அளைந்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாத வீட்டில் எவ்வளவு செல்வம் இருந்தும் பயனில்லை என்பது அதன் சாரம். வள்ளுவரும் பிள்ளை கைவிட்டுக் குழப்பிய கூழை அமுதத்துக்கு மேலே வைக்கிறார். இரண்டிலும் குழந்தையின் கை சோற்றுக்குள் இருக்கிறது. என் மகனுக்கு நாலே முக்கால் வயது. அவன் கை இதுவரை சோற்றுக்குள் போனதில்லை. ஒரு பருக்கை விரலில் ஒட்டிவிட்டால் எறும்பு கடித்ததுபோல் உதறுவான், அது விழுந்த பிறகும் உதறிக்கொண்டே இருப்பான்.

அவன் சாப்பிடுவது ஐந்து பொருட்கள். அப்பளம், ரஸ்க், முறுகலான தோசையின் ஓரம், தேன்குழல், நீல மூடி போட்ட பாட்டிலில் பால். மூடி நீலமாக இருக்க வேண்டும். தோசையின் நடுப்பகுதி மெத்தென்று இருப்பதால் அது அவனுக்குத் தோசையே இல்லை. குழம்பு தாளிக்கும்போது சமையலறைப் பக்கம் வரமாட்டான். பக்கத்தில் யாராவது வாழைப்பழம் உரித்தால் குமட்டி வாந்தி எடுத்துவிடுவான். அடம் என்று சொல்பவர்கள் அந்த வாந்தியைப் பார்த்ததில்லை. இதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது, ஆர்ஃபிட் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013இல்தான் அந்தப் பெயரோடு இடம்பிடித்தது. அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகள் நம் ஊரில் ‘வாய்க்கு வணங்காததுகள்’.

கூடவே வளர்ச்சித் தாமதம். நடக்க இரண்டரை வயதானது. சொற்கள் பத்துப் பன்னிரண்டு தேறும். அதில் ‘வேணாம்’ கிடையாது. வேண்டாம் என்பதை அவன் ஒரே வழியில்தான் சொல்வான். உதட்டை உள்ளே மடித்து, பல்லைக் கடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

என்னைக் கொஞ்ச நாளாகத் தொந்தரவு செய்யும் கேள்வி இதுதான். அந்த மூடிய வாய்க்கு நாங்கள் எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும்?

மதிப்பாவது ஒன்றாவது என்பதுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நிலை. அவர்கள் வளர்த்த விதம் அப்படி. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, பால் சங்கை வாய்க்குள் சாய்த்து, கன்னத்தை அழுத்தினால் உள்ளே போய்விடும். “மூக்கைப் பிடிச்சா வாயத் தொறந்துதானே ஆகணும், அஞ்சு புள்ளைய அப்படித்தான் வளத்தேன்” என்பார் என் மாமியார். அதில் கொடுமை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வீட்டில் ஒரு பிள்ளையையாவது பறிகொடுத்த தலைமுறை அது. பிள்ளையின் சம்மதம் என்பதெல்லாம் வயிறு நிறைந்த பிறகு பேசுகிற பேச்சு.

இதற்கு நேர் எதிரான கட்சியும் இருக்கிறது: “விட்டுடுங்க, பசிச்சா தானா சாப்பிடுவான்.” கேட்க முற்போக்காக இருக்கும். இந்தக் கட்சிக்கு ஆதாரமாக க்ளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பரிசோதனையைக் காட்டுவார்கள். 1920களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள், 34 வகை உணவு. எதிரே தட்டுகளை வைத்துவிட்டு செவிலியர் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு தட்டை நோக்கிக் கை நீட்டினால் ஒரு கரண்டி எடுக்கலாம், வாயைத் திறந்தால் மட்டும் கொடுக்கலாம். இதைச் சாப்பிடு என்றோ, நல்ல பிள்ளை என்றோ ஒரு சொல் பேசக்கூடாது. குழந்தைகள் கண்டபடி கலந்து தின்றும் ஆரோக்கியமாகவே வளர்ந்தார்கள். சூட்சுமம் அந்த 34 உணவுகளின் பட்டியலில்தான் இருக்கிறது, அதில் கெட்டது எதுவும் இல்லை என்று டேவிஸே பின்னர் சொன்னார்.

எனக்கு அந்தச் செவிலியரின் கரண்டி மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குப் பசி என்ற சேதி வயிற்றிலிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தது, வாயும் அதற்கு ஒத்துழைத்தது. என் மகன் விஷயத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. ஒருமுறை அம்மைக் காய்ச்சலின்போது ஐந்து பொருட்களையும் ஒதுக்கினான். பசித்தும் அவன் வேறு எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் மாலை டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. “தானா சாப்பிடுவான்” என்ற வாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. பொருந்தாத பிள்ளையிடம் அதைக் கடைப்பிடிப்பது சுதந்திரம் கொடுப்பதாகாது, கைவிடுவதாகும்.

ஆக, திறக்க வைத்தாக வேண்டும். எப்படி என்பதில்தான் சிக்கல்.

உண்ண மறுப்பதைப் பற்றி உலகம் நிறையவே யோசித்திருக்கிறது, பெரியவர்கள் விஷயத்தில். 1975இல் உலக மருத்துவச் சங்கம் டோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தெளிவாக யோசித்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் ஒரு கைதி உணவை மறுத்தால், மருத்துவர் அவருக்குச் செயற்கையாக உணவூட்டக் கூடாது என்றது. ஆனாலும் நம் நாட்டில் இரோம் சர்மிளாவுக்கு 2000 முதல் 2016 வரை மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் போனது. டோக்கியோ அறிக்கையின் வாசலிலேயே ஒரு காவலாளி நிற்கிறான்: தெளிவாக யோசிக்கத் தெரிந்தவரா? என் மகன் அந்த வாசலுக்கு வெளியே நிற்பவன். அவனுடைய மறுப்பைச் சர்மிளாவின் மறுப்புக்குச் சமமாக வைக்க எனக்குப் பைத்தியமில்லை. அவருக்கு ஒரு சட்டத்தை எதிர்க்கும் நோக்கம் இருந்தது. இவனுக்கு நாக்கில் ஏதோ தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் காரணம் சொல்லத் தெரியாதவனுக்குக் காரணமே இல்லை என்று ஆகிவிடாது.

அவனுடைய ஒரு நாளைப் பாருங்கள். எழுப்புவது, பல் தேய்ப்பது, சட்டை மாட்டுவது, தெரபிக்குத் தூக்கிப் போவது எல்லாம் நாங்கள். அங்கே உட்காரு, இங்கே பார், மணியைக் கோரு, ஊஞ்சலில் படு. அவன் உடம்பை நாள் முழுக்க யாராவது கையாண்டுகொண்டே இருக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற ஒரே கதவு வாய்தான்.

தடுப்பூசி போடும்போது நானே இறுக்கிப் பிடித்திருக்கிறேன், இனியும் பிடிப்பேன். ஊசியில் அவன் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, நொடியில் முடிந்துவிடும். சாப்பாடு அப்படியில்லை. கடைசியில் அவனே செய்ய வேண்டிய காரியம் அது, தினமும் மூன்று வேளை, ஆயுசு முழுக்க. கன்னத்தை அழுத்திச் சோற்றை வயிற்றுக்குள் அனுப்பலாம், அவனை உண்ண வைக்க முடியாது.

சங்கை விட நுட்பமான வழி ஒன்று இருக்கிறது: ஏமாற்று. “பால்ல கலந்துடுங்க, அவனுக்கென்ன தெரியப் போவுது?” இரும்புச்சத்து சிரப்பைப் பற்றி இதைச் சொல்லாதவர்கள் இல்லை. போனில் பாட்டைப் போட்டுவிட்டு, வாய் பிளந்த நேரம் பார்த்து ஒரு உருண்டையைத் தள்ளுவதும் இதே வகைதான். (நிலாவைக் காட்டி ஊட்டியவர்கள் போனைக் குறை சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் நிலா கண்ணைக் கட்டிப்போடாது.) தெரபி சென்டரில் ஒரு அம்மா சொன்னார். அவர் மகள் சாப்பிட்டதே நாலு பொருள், அதில் ஒன்று தயிர்சாதம். அதில் சொட்டு மருந்து கலந்தார்கள். மூன்று நாள் சாப்பிட்டாள். நாலாம் நாள் கண்டுபிடித்தாள். அதன்பின் தயிர்சாதம் போயே போயிற்று, ஒன்றரை வருடமாகியும் திரும்பவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: “சரி, அந்தப் பொண்ணு கண்டுபிடிக்கவே இல்லன்னா? அப்ப கலக்கலாமா?”

சரியான கேள்வி. மாட்டிக்கொள்வோம் என்பதால் பொய் தப்பு என்றால் அது தந்திரம், அறமில்லை. நான் நினைப்பதைச் சொன்னேன். பெரியவர்கள் நமக்கு ஆயிரம் உத்தரவாதங்கள் இருக்கின்றன, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், சண்டை போடலாம். இவனுக்கு இந்த உலகம் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்று: அப்பளம் நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும். கேள்வி கேட்க முடியாதவனிடம் இந்த ஒன்றையும் மாற்றக் கூடாது, அவனுக்குத் தெரியவே போவதில்லை என்றாலும்.

“உங்களுக்குச் சத்தியம் பெருசு. எனக்கு ஹீமோகுளோபின் பெருசு” என்றாள். போன முறை 8.1 இருந்தது. கல்யாணப் பந்தியில் “அம்மாக்காரி ஊட்டிப் பழக்கல” என்ற முணுமுணுப்பு அவள் காதில்தான் விழுகிறது, என் காதில் இல்லை. அதனால் அவளுடைய வாதத்துக்கு என்னுடையதைவிட எடை அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது இது. காலை ஏழு மணிக்குப் படுக்கையறையில் மருந்து. சாப்பிடும் இடத்தில் அல்ல, பால் பாட்டில் பக்கத்திலும் அல்ல. “மருந்து” என்று உரக்கச் சொல்லிவிட்டு, சிரிஞ்சைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறோம். வாயை மூடுவான். நான் பிடித்துக்கொள்வேன், அவள் கன்னத்தின் ஓரமாக விடுவாள். ஒரு நிமிடம். அழுவான். வற்புறுத்தல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிரே நின்று செய்கிற வற்புறுத்தல், அவன் எங்கள்மேல் கோபப்படலாம். படுகிறான், என்னை இரண்டு முறை கடித்தும் இருக்கிறான். அரைமணி கழித்து கூடத்துக்கு வந்து அப்பளத்தைச் சந்தேகமில்லாமல் எடுக்கிறான்.

எடை 12.8 கிலோவில் நிற்கிறது. மூன்று மாதத்தில் ஏறவில்லையென்றால் குழாயைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதலில் சில வாரங்கள் மூக்கு வழியாக, நீண்ட காலம் வேண்டுமென்றால் வயிற்றில் சின்னத் துளை போட்டு. நான் முதலில் பதறினேன். யோசித்துப் பார்த்தால், வயிற்றுக் குழாய் அவன் வாயைத் தொடாமல் போகிறது. பசியைத் தீர்க்கும் வேலையை அது பார்த்துக்கொண்டால் வாய்க்கு அவசரம் இருக்காது. இதை என் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை.

மனைவி நேற்று அவனுடைய துணி பொம்மையின் வயிற்றில் ஒரு காஜா தைத்து, உறிஞ்சுகுழல் துண்டு ஒன்றைச் செருகி வைத்தாள். போட வேண்டி வந்தால் முன்னாடியே பார்த்திருக்கட்டும் என்றாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குழலைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டான். அவள் எடுத்து மறுபடி செருகினாள். மறுபடி பிடுங்கினான்.