வலப்பக்கமாகப் படுப்பது

படுக்கைக்குப் போகும் மனிதனுக்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் வழி காட்டிச் சென்றிருக்கிறார்கள். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொழுகைக்குச் செய்வது போல் உளூச் செய்து, வலப்பக்கமாகச் சாய்ந்து, தன்னை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் துஆவை ஓத வேண்டும். அதுவே அன்றைய கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும். அன்றிரவு மவுத் வந்தால் ஈமானோடு வந்த மவுத்தாகும் என்பது அதன் கருத்து. பராஉ (ரலி) அவர்கள் அந்த துஆவைத் திருப்பிச் சொன்னபோது 'நபி' என்ற இடத்தில் 'ரஸூல்' என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லையும் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள்.

ஒரு ஜும்ஆ பயானில் இதைச் சொன்ன நான், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வலப்பக்கம் படுப்பவருக்கு வயிற்று நோயே அண்டாது என்று, எங்கோ காதில் விழுந்ததையும் சேர்த்துச் சொல்லி வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, அறுபதைத் தொட்ட ஒருவர் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ராத்திரியெல்லாம் நெஞ்சு எரியுது. டாக்டர் இடப்பக்கம் படுங்கங்கிறார். ஸுன்னத்தை விட மனசு வரலை" என்றார். பாதி இரவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழிக்கிறாராம். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

டாக்டர் சொன்னது சரியே. இரைப்பை நம் உடலின் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இடப்பக்கம் படுத்தால் உணவுக்குழாய் வந்து சேரும் வாய், புளித்த நீருக்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் அந்த நீர் வாயருகே வந்து எளிதில் மேலேறும். இது நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 751ல் வஃபாத்தான இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், இடப்பக்க உறக்கம் உடலுக்குச் சுகமானது என்று வைத்தியர்கள் கூறுவதை மறுக்கவில்லை. அந்தச் சுகத்தில் மனிதன் அயர்ந்து தூங்கித் தஹஜ்ஜுதைத் தவறவிடுவான் என்பதால்தான் வலப்பக்கம் ஏவப்பட்டது என்றார்கள். முதலில் வலமும், பிறகு சற்றே இடமும், மீண்டும் வலமுமாகப் புரள்வதை நல்ல உறக்கம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மதரஸாவில் படித்த பாடம்தான், மிம்பரில் மறந்துவிட்டேன்.

மல்லாந்து படுப்பதற்குத் தடையில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியில் கால்மேல் கால் வைத்து மல்லாந்து படுத்திருந்ததைக் கண்ட ஸஹாபி உண்டு. ஆனால் குறட்டை விடும் ஆண்கள், அதிலும் உடல் பருத்தவர்கள், மல்லாந்து தூங்கினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைபடும். மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால் சிரித்துத் தள்ளாமல் வைத்தியரிடம் போங்கள். இருதயத்தைக் கெடுக்கும் நோய் அது. குப்புறப் படுத்த ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் காலால் தட்டி எழுப்பி, அல்லாஹ் வெறுக்கும் படுக்கை இது என்றதாக அபூதாவூதில் வருகிறது. கழுத்தை ஒரு பக்கம் முறுக்கி வைத்துத் தூங்கி, காலையில் பிடரியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாமும் பார்க்கிறோம்.

வந்தவரிடம், பயானில் நான் சேர்த்துச் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். "வலப்பக்கம் சாய்ந்து, கன்னத்தின் கீழ் கையை வைத்து ஓதுங்கள். ஸுன்னத் நிறைவேறிவிட்டது. பிறகு டாக்டர் சொன்ன பக்கம் திரும்புங்கள். குகைவாசிகளையே அல்லாஹ் வலமும் இடமுமாகப் புரட்டியதாகக் கஹ்ஃபு ஸூராவில் ஓதுகிறோமே" என்றேன். இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்குப் பின் முடித்துவிட்டு, இஷா தொழுது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்படியும் சொன்னேன்.

அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் நின்று முந்திய பேச்சைத் திருத்தினேன். அவர் முதல் ஸஃப்பில்தான் இருந்தார். இப்போது கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறாராம். அதுவும் டாக்டர் சொன்னதுதான்.