ஊட்டும் கை

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பச்சோந்தி கிடந்தது. பச்சோந்தி நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் காற்றில் அசையும் இலையைப் போல நாலு தடவை முன்னும் பின்னும் ஆடும். மரத்தில் அந்த ஆட்டம்தான் அதைக் காப்பாற்றுகிறது. தார்ச்சாலையில் அதுவே கொன்றுவிடுகிறது. ஏதோ வண்டி உரசிப் போயிருக்க வேண்டும். பின்னங்கால் ஒன்று இழுபட, வால் நுனி நசுங்கியிருந்தது. துண்டால் மூடி எடுத்து, ஹெல்மெட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியை வீட்டில் வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். "அதுவரைக்கும் அட்டைப்பெட்டியில இருட்டா வைங்க. எதையும் ஊட்டி விடாதீங்க சார்."

மூன்று இரவு, இரண்டு பகல். அவ்வளவுதான் அது என்னிடம் இருந்த காலம். அதற்குள் தங்கை 'பச்சையப்பன்' என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்ததுமே ஏதோ மாறிவிட்டது. சாலையில் கிடந்தது ஒரு பிராணி. இப்போது பச்சையப்பனுக்குப் பசிக்குமே என்ற கவலை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பெட்டியிலிருந்து எடுத்து, காய்கறிக் கூடையில் ஒரு வேப்பங்கிளையைச் செருகி, மேலே கொசுவலையைக் கட்டி அதில் விட்டேன். வயலில் பிடித்த வெட்டுக்கிளியை உள்ளே போட்டேன். தொடவில்லை. இன்னொன்றைக் குச்சியில் பிடித்து வாயருகே நீட்டினேன். வாயை அகலத் திறந்து சீறியது. உடம்பெல்லாம் கருத்துவிட்டது. பச்சையப்பன் மேல் பச்சையே இல்லை. ஒரு கண் எங்கெங்கோ சுழல, மற்றொன்று என்னைவிட்டு அகலவேயில்லை.

மேடையில் கட்சி மாறியவரைப் பச்சோந்தி என்று திட்டும்போது அது உண்மையை மறைக்கும் பிராணி என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அது நிறம் மாறுவது பெரும்பாலும் ஒளிந்துகொள்ள அல்ல. குளிர், வெயில், பயம், எதிராளி என எல்லாவற்றுக்கும் அதன் தோல் பதில் சொல்கிறது. உள்ளே இருப்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் உயிர்கள் குறைவு. அது கருத்துப் போய் என் முகத்துக்கு நேராகப் பயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பசி என்று படித்தேன்.

இரவு வீடியோக்களில் பச்சோந்தியின் வாயைத் திறந்து ஊட்டும் முறையைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கால்நடை மருத்துவரான நண்பனை அழைத்தேன்.

"டேய், வாயத் திறக்காத. மூச்சுக்குழல் வாசல் அதுக்கு வாய்க்குள்ள முன்னாடியே இருக்கு. கரைச்சு ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிரும்."

"பட்டினி கிடந்து செத்துப்போச்சுன்னா?"

"அது நீ இல்லடா. உடம்பச் சூடா வச்சுக்க நாம எரிக்கிற சாப்பாடு அதுக்குத் தேவையில்ல. ரெண்டு நாள் பட்டினில சாகாது. உடம்புல சூடு ஏறாம தின்னாத்தான் செரிக்காம உள்ளயே கெட்டுப்போகும். முதல்ல வெயில். அப்புறம் தண்ணி, அதுவும் கிண்ணத்துல வச்சா அதுக்குத் தெரியாது, இலைல தெளி. அப்புறம் நீ அந்த ரூமவிட்டு வெளிய போ. சாப்பாடு கடைசி."

நான் என்றைக்கும் முதலில் வைப்பதை அவன் கடைசியில் வைத்தான். நம் ஊரில் அன்பின் முதல் வார்த்தையே "சாப்ட்டியா?" என்பதுதான். சாப்பிட மறுப்பவர் நம் அன்பையே மறுப்பதாகத் தோன்றுகிறது. அதனால்தான் அந்த மறுப்பின் முன் இவ்வளவு பதறுகிறோம். பதறிய பிறகு செய்வதற்கு இரண்டு காரியம்தான் தெரிகிறது. ஒன்று, ஊட்டுவது. இன்னொன்று, அது அவர்கள் விருப்பம் என்று விலகிக்கொள்வது.

அந்த இரவு எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது.

இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு அப்பத்தா சாப்பாட்டை நிறுத்தியது. 84 வயது. ஒரு வாய் கஞ்சியை வைத்தால் கையால் தள்ளிவிடும். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சும் குழறிவிட்டது. அப்பா ஊட்டும் கட்சி. மடியில் சாய்த்து, கன்னத்தை அழுத்தி, ஸ்பூனை உள்ளே விடுவார். அழுதுகொண்டேதான் அதைச் செய்வார். பெரியப்பா வேறு மாதிரி. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையைச் சொல்லி, "அது முடிவு பண்ணிருச்சு, விடுங்கப்பா" என்பார்.

நான் பெரியப்பாவின் பக்கம். அப்போது நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். 2000 நவம்பரில் உண்ணாவிரதத்தைத் தொடங்கிய இரோம் ஷர்மிளாவுக்கு, தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டு, 2016 ஆகஸ்ட் வரை மூக்கில் குழாய் செருகி உணவு செலுத்தியதைச் சொன்னேன். உலக மருத்துவச் சங்கம் 1975இல் டோக்கியோவில் வெளியிட்ட பிரகடனம், தெளிவான மனதோடு உணவை மறுக்கும் கைதிக்கு மருத்துவர் வலுக்கட்டாயமாக ஊட்டக் கூடாது என்கிறது என்று சொன்னேன். "ஒரு மனுசியோட உடம்பு அவங்களோடதுப்பா. நீங்க பண்றது வன்முறை." அப்பா பதில் சொல்லவில்லை. ஸ்பூனைக் கழுவப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் டிரிப்ஸ் போட வந்த நர்ஸம்மா, அப்பத்தாவின் தாடையை மெல்லப் பிடித்து, போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தார். நாக்கும் அண்ணமும் வெள்ளை பூத்து, ஓரமெல்லாம் புண். "இத வச்சுக்கிட்டு ஆத்தா எப்படிய்யா முழுங்கும்?" என்றார். மருந்து தடவி ஒரு வாரத்தில் அப்பத்தா ரசஞ்சோறு சாப்பிட்டது. நாலு மாதம் சாப்பிட்டது.

சாப்பாட்டை மறுப்பதற்குத் தமிழில் குறைந்தது மூன்று சொல் உண்டு. முடியல. வேண்டாம். மாட்டேன். முடியல என்பது உடம்பின் சொல், வேண்டாம் மனதின் சொல். மாட்டேன் என்பது எதிரில் நிற்பவரிடம் சொல்வது. ஷர்மிளா சொன்னது மாட்டேன். அது ஒரு அரசைப் பார்த்துச் சொன்னது. அப்பத்தா ஒன்பது நாளாகச் சொன்னது முடியல. அதை அப்பா பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார், நான் உரிமை என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவின் தவறு வலித்தது. என்னுடையது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதன்படி விட்டிருந்தால் அப்பத்தா வாய்ப்புண்ணால் பட்டினி கிடந்து செத்திருக்கும், நாங்கள் அதை வடக்கிருத்தல் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

மறுப்பை மதிப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மதிக்க வேண்டுமானால் முதலில் அது மறுப்புத்தானா என்று தெரிய வேண்டும். வலி, குளிர், தாகம், பயம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவும் எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் 'வேண்டாம்' அவர்களுடையது, அதன்மேல் நமக்கு அதிகாரம் இல்லை. கடைசி வாரத்தில் அப்பத்தா மறுபடி வாயை மூடிக்கொண்டபோது நர்ஸம்மா மறுபடி வந்து பார்த்தார். வாய் சுத்தமாக இருந்தது. அப்பா ஸ்பூனை எடுக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எடுக்க வேண்டிய பயமே நானாக இருந்தால்? அப்பத்தாவின் வாயை யாரோ ஒருவர் கிட்டே வந்து பார்த்தாக வேண்டியிருந்தது. பச்சோந்தியை யாரும் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது. ஒரே அக்கறை ஓரிடத்தில் நெருங்கச் சொல்கிறது, இன்னோரிடத்தில் விலகச் சொல்கிறது. எங்கே எது என்று சொல்லும் விதி என்னிடம் இல்லை. ஊட்டத் துடிக்கும் கை தன் பதற்றத்துக்குத்தான் தீனி போடுகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை கூடையைப் பாதி வெயில் பாதி நிழலாகத் திண்ணையில் வைத்தேன். வேப்பிலைகளில் தண்ணீர் தெளித்தேன். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததில், வெகுநேரம் கழித்து ஓர் இலை நுனியை வாயால் கவ்விச் சொட்டை உறிஞ்சியது. பிறகு கூடையை உள்ளறையில் வைத்து, இரண்டு வெட்டுக்கிளிகளை விட்டுக் கதவைச் சாத்தினேன். தங்கை நாலைந்து தடவை "ஒரே ஒரு தடவை எட்டிப் பாக்கவா?" என்றாள். "வேண்டாம்" என்றேன்.

இரவு டார்ச்சைத் துணியால் மூடி உள்ளே போனேன். கிளையைப் பிடித்தபடி, வாலைச் சுருட்டி, வெளிறிய பச்சையில் தூங்கிக்கொண்டிருந்தது. வெட்டுக்கிளி ஒன்றுதான் இருந்தது. கொசுவலையின் ஒரு மூலை லேசாக அவிழ்ந்திருந்தது. இன்னொன்று தின்னப்பட்டதா, தப்பித்ததா என்று அறைக்குள் தேடிப் பார்த்திருக்கலாம். தேடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். காலையில் வனத்துறைக்காரர் வந்து கூடையோடு வாங்கிக்கொண்டார்.

"ஏதாச்சும் தின்னுச்சா?" என்று கேட்டார்.

"தெரியல சார். தண்ணி குடிச்சுச்சு."